பத்துக் கம்பத்துக் காற்று

உப்பு ஆலையின் கேட்டுக்குள் ஊசி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது கேட்காரர் வழக்கம்போல் சிரிக்கவில்லை. அவளுடைய இடது தோளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே, தோள்ல கிளியா உக்காந்திருக்கு?"

"உப்பு எங்கம்மா?" என்றார் அவர்.

அவள் குனிந்து பார்த்துக்கொண்டாள். இடது கை, இடுப்பு, செருப்பு வரை எல்லாம் சுத்தம்.

காற்றுக் காலம் மூன்று மாதம். ஏழு கிலோமீட்டர் கரைச் சாலை. ஆலைக்கு வரும்போது இடப்பக்கம் உப்புப் பாத்திகள், வலப்பக்கம் ஆழமான கால்வாய். பாத்திகளைச் சுரண்டிக்கொண்டு வரும் காற்று, சைக்கிளில் வருகிறவரின் இடப்பாதியில் உப்பை அப்பிவிடும். பாதி மட்டும் வெள்ளையடித்த சுவர் போலத்தான் எல்லோரும் வந்து இறங்குவார்கள். சுத்தமாக வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் வெல்டர், இன்னொருவர் சுமைக்காரர். இருவருமே இரண்டு நாள் சுத்தமாக வந்தார்கள். மூன்றாம் நாள் இருவரையும் கால்வாயிலிருந்துதான் எடுத்தார்கள்.

ஊசிக்கு இது இரண்டாம் நாள்.

"நேத்தும் இப்படித்தானே வந்தே?" என்றார் கேட்காரர்.

"குளிச்சிட்டு வந்தேன், அதான்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். மூட்டைகளின் வாயைக் கோணி ஊசியால் தைப்பது அவள் வேலை. ஊசி என்ற பட்டப்பெயர் அதனால் வந்ததா, வாயால் வந்ததா என்று ஆலையில் இன்னும் முடிவாகவில்லை.

சைக்கிள் கொட்டகையின் பின்சுவருக்குத் தார் பூசியிருந்தார்கள். பகலெல்லாம் வீசும் காற்றில் அந்தக் கறுப்புச் சுவர் வெளுத்துவிடும். சாயங்காலம் சைக்கிள்களை எடுத்தால், அவை நின்ற இடம் மட்டும் சைக்கிள் உருவத்தில் கறுப்பாக இருக்கும். "வருகைப் பதிவேட்டுல கூடப் பொய் எழுதலாம், இந்தச் சுவர்ல முடியாது" என்பார் கேட்காரர். மறுநாள் விடிவதற்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவி விடுவார்கள்.

அன்று முழுவதும் அவள் தையல் கோணிக்கொண்டே போனது.

கரைச் சாலையில் முன்பு நான்கு பேர் சேர்ந்து வருவார்கள். வெல்டர், சுமைக்காரர், ஊசி, பிறகு கதவு. கதவு என்பது அந்த மனிதரின் முதுகுக்கு வைத்த பெயர். அவர் காற்றுப் பக்கம் வந்துவிட்டால் கதவைச் சாத்தியதுபோல் காற்று நின்றுவிடும். மற்றவர்கள் அவருக்கு வலப்புறம், சற்றே பின்தங்கி, சாய்ந்த வரிசையில் ஒட்டிக்கொண்டு மிதிப்பார்கள். ஏழு கிலோமீட்டரும் ஒரே ஆள் காற்றை வாங்கினால் நெஞ்சு தாங்காது. அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள்: பத்து மின்கம்பத்துக்கு ஒருவர். பத்து முடிந்ததும் "முறை!" என்று குரல் கொடுத்தால், அடுத்தவர் இடப்பக்கம் ஏறிவந்து காற்றை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சென்ற மாதம் ஒரு காலையில் கதவு காய்ச்சலோடு வந்திருந்தார். பத்து முடிந்ததும் முறை கேட்டார். மற்ற மூவரும் முந்தைய நாள் இரண்டு ஷிப்ட் பார்த்தவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒருவரும் அசையவில்லை. மறுபடி கேட்டார். மூன்றாம் தரம் கேட்டபோது அந்தக் குரல் உடைந்திருந்தது. ஆலைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் மதகில் காற்று அவரைப் பெயர்த்து எடுத்து, மூவரின் கண்ணெதிரே கால்வாயில் போட்டது. உடல் கிடைத்தது. சைக்கிள் கிடைக்கவில்லை. சோற்றுப் பாத்திரம் மாட்டுவதற்காக அவரே இடது கைப்பிடியை மேல்நோக்கி வளைத்து வைத்திருந்த சைக்கிள் அது.

விசாரணையில் மூவரும் ஒரே வாக்காகச் சொன்னார்கள்: "காத்து இரைச்சல்ல எதுவும் காதுல விழலைங்க."

இரண்டாம் நாள் சாயங்காலம் ஊசி கேட்டருகில் நின்றாள்.

"அண்ணே, அன்னைக்கு அவர் கூப்பிட்டது எங்க காதுல விழுந்துச்சு."

"தெரியும்."

"எப்படி?"

"வெல்டர் இதே இடத்துல நின்னுக்கிட்டு இதையேதான் சொன்னான். ரெண்டாம் நாள் சாயங்காலம்."

"சொல்லிட்டு?"

"அழுதான். நாளைக்குக் காலையில அந்த மதகுகிட்டயே மன்னிப்புக் கேக்கப்போறேன்னான். கேட்டிருப்பான்."

"சுமைக்காரர்?"

"கண்ணை மூடிக்கிட்டு ஒரே மிதியா மிதிச்சிருவேன்னான்." கேட்காரர் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு லாரியில வந்துடும்மா. நான் டிரைவர்கிட்ட சொல்றேன்."

"நாளைக்கு லாரி. நாளன்னைக்கு? முப்பத்தஞ்சு வயசுல முட்டி பேந்து கத்துக்கிட்ட சைக்கிள்ண்ணே இது. வாசல்ல நிறுத்தித் துணி காயப்போடவா?"

"உயிரு போனா துணியும் தேவைப்படாது."

"போற உயிரு மிதிச்சிக்கிட்டே போகட்டும்" என்றாள் அவள்.

மூன்றாம் நாள் காலை. வெளிச்சம் நன்றாக இருந்தது, அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. கரைச் சாலை ஏறியதும் காற்று இடது காதில் அறைந்தது. மின்கம்பிகள் ஊளையிட்டன. உப்பு பறந்து வந்து கன்னத்தில் குத்தியது. அவள் வழக்கம்போல் உடம்பையும் சைக்கிளையும் இடப்பக்கம் சாய்த்து, காற்றின்மேல் முட்டுக்கொடுத்து மிதித்தாள்.

ஐந்தாவது கம்பம் தாண்டியது.

காற்று நின்றது.

கம்பிகள் இன்னும் ஊளையிட்டன. முன்னால் உப்பு பறந்தது, பின்னாலும் பறந்தது. அவளைச் சுற்றி மட்டும் மூடிய அறை போல இருந்தது. சாய்ந்திருந்த சைக்கிள் தானாக நிமிர்ந்துகொண்டது. கால்வாய்ச் சேற்றின் வாடை வந்தது, வலப்பக்கம் இருக்கும் கால்வாயிலிருந்து அல்ல.

இடப்பக்கத்திலிருந்து.

எண்ணெய் காணாத சங்கிலி ஒன்று அங்கே கிறீச்சிட்டது. அவள் மிதித்தால் மிதித்தது. நிறுத்தினால் அதுவும் நின்றது.

அவளுக்கு இப்போது விளங்கியது. காற்று அடிக்கும்போது சாய்ந்து ஓட்டுகிறவனை அது தள்ளாது. மறைவில் நிமிர்ந்து சொகுசாக ஓட்டுகிறவனைத்தான், மறைவு விலகிய நொடியில் தூக்கிப்போடும். மதகுதான் அந்த இடம். அன்று கதவு அதற்குமேல் வரவில்லையே! முதல் நாள் அங்கே அவள் முன்சக்கரம் கரை விளிம்புக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. நேற்று அரைச் சாண்.

மின்கம்பங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. மதகுக்கு இருபது இருக்கும்போது அது கேட்டது. முதல் நாளும் கேட்டிருந்தாள், நேற்றும் கேட்டிருந்தாள். காற்று என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"முறை..."

தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

பல்லைக் கடித்தாள்.

"முறை..."

மதகு கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் பன்னிரண்டு கம்பம்.

மூன்றாம் தரம் அந்தக் குரல் உடைந்திருந்தது, அன்று உடைந்ததுபோலவே.

"கேக்குது!" என்று கத்தினாள் ஊசி. "அன்னைக்கும் கேட்டுச்சு! கேட்டும் வரலை! தப்புதான், கதவண்ணே! அதுக்காக ஒவ்வொருத்தரா கால்வாயில போடுவியா? நான் அழ மாட்டேன், கால்ல விழ மாட்டேன். கேட்டது முறைதானே? இந்தா, எடுத்துக்கிறேன். தள்ளு!"

பிரேக்கைத் தொட்டு அரைச் சக்கரம் பின்தங்கினாள். பிறகு கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினாள்.

ஈரத் துணிக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. மூக்கில் சேறு, வாயில் உப்பு, கழுத்தில் ஒரு சில்லென்ற மூச்சு. அதன் வழியாகவே மிதித்து மறுபக்கம் வந்தாள்.

காற்று அறைந்தது. மூன்று நாள் சேர்த்துவைத்த அறை. அவள் சாய்ந்து அதன்மேல் தோளைக் கொடுத்தாள். நெற்றி நரம்பு புடைத்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

சங்கிலி இப்போது அவளுக்கு வலப்புறம் கிறீச்சிட்டது.

ஆறு. ஏழு. மூச்சு கிழிந்தது. முப்பது மூட்டை தைத்த கை போலக் கால் மரத்தது. எட்டு. மதகின் சுவர் நெருங்கியது. வலப்பக்கச் சங்கிலி தடுமாறியது, சக்கரம் நெளிந்தது. அங்கே யாருக்கோ பயம்.

"விலகாதே! ஒட்டி வா!" என்றாள் பல்லிடுக்கில். "இன்னைக்கு நான் கதவு!"

ஒன்பது.

மதகு. காற்று கீழிருந்து எழும்பி வந்தது. சைக்கிளின் பின்பக்கம் ஒருகணம் தரையை விட்டது. அவள் சாய்வை விடவில்லை. விடவே இல்லை.

பத்து.

மதகு பின்னால் போய்விட்டது.

கேட்காரர் கேட்டுக்கு வெளியே ஓடிவந்தார். அவள் இடப்பாதி முழுக்க உப்பு. புருவம், காது, பல் வரை வெள்ளை. அவர் சிரிக்கப்போய் அழுதுவிட்டார். "உன்னைப் பார்த்தா பேய் மாதிரி இருக்கும்மா."

"பேய் இவ்வளவு மூச்சு வாங்காதுண்ணே" என்றபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று தையல் நேராக வந்தது.

மாலைச் சங்கு ஊதியது. கொட்டகையிலிருந்து ஒவ்வொருவராகச் சைக்கிளை எடுத்துப் போனார்கள். கடைசியாக அவளும் எடுத்தாள். மொத்தம் ஒன்பது சைக்கிள், அவளுடையதையும் சேர்த்து.

வெளுத்துப்போன சுவரில் கறுப்பு உருவங்கள் பத்து இருந்தன.

பத்தாவது, அவளுடையதை ஒட்டி நின்றது. அதன் இடது கைப்பிடி மேல்நோக்கி வளைந்திருந்தது.

ஊசி வெகுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு கரைச் சாலையில் ஏறினாள். திரும்பும்போது காற்று வலப்பக்கம். அவள் வலப்பக்கம் சாய்ந்து மிதித்தாள். சாலையில் ஓர் ஆள் கிடையாது. கம்பங்களை உரக்க எண்ணினாள்.

பத்தாவது கம்பம் தாண்டியதும், நெஞ்சு நிறைய மூச்சு வாங்கிக் குரல் கொடுத்தாள்.

"முறை!"

வலப்பக்கத்துக் காற்று சட்டென்று சாத்திக்கொண்டது.