பச்சைத் துணி மேல் விழுந்த பழி

"இந்தத் துணியைத் தறியிலதான் நெய்தாங்களா, முள்ளுச்செடியில நெய்தாங்களா?" என்று சித்தி போட்ட சத்தத்தில் பட்டாணி விழித்துக்கொண்டாள்.

பட்டாணி என்பது செல்லப் பெயர். ஆள் அவ்வளவு சின்னது. வாய் மட்டும் அண்டா அளவு! விடுமுறைக்குச் சித்தியின் தையற்கடைக்கு வந்திருந்தாள். சித்திக்கு முடக்குவாதம். காலையில் விரல் மூட்டெல்லாம் வீங்கி விறைத்துக் கிடக்கும். அதனால் ஊசியில் நூல் கோப்பது பட்டாணியின் வேலை.

இரண்டு ராத்திரியாகச் சித்தி கண் மூடவில்லை. இடது விலாவில் நெருப்பு வைத்தது போல எரிச்சல். அதற்கு முன்தினம்தான் ஒரு முரட்டுப் பச்சைத் துணியை உடம்பில் சுற்றி அளவு பார்த்திருந்தார். தையல்காரர் உடம்பில் எரிச்சல் வந்தால் துணியைத் தவிர வேறு யார் குற்றவாளி? துணிக்கடைக்காரருக்குப் போன் போட்டு வெளுத்து வாங்கிவிட்டார் சித்தி.

ஆனால் மிஷினை மிதிக்கக்கூடத் தெம்பில்லாமல் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பட்டாணிக்கு அழுகை வந்தது. அழுதால் ஆகுமா? பச்சைத் துணியை எடுத்துத் தன் வயிற்றில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"என்னடி கூத்து இது?"

"சோதனை, சித்தி!"

அதோடேயே சாப்பிட்டாள், குதித்தாள், படியேறினாள். தைத்த சட்டையை வாங்க வந்த ஒரு டிரைவர், "யாரு இது, நடக்கிற வெண்டைக்காயா?" என்று சிரித்தார். பட்டாணி அசரவில்லை.

சாயங்காலம் துணியை அவிழ்த்தாள்.

"சித்தி, எனக்கு ஒரு அரிப்புகூட இல்ல. பாவம், துணி மேல தப்பே இல்ல! அதுவும் சுத்திக் கட்டினா ரெண்டு பக்கமும்தானே எரியணும்? உங்களுக்கு மட்டும் ஏன் ஒரே பக்கம்? காட்டுங்க."

சித்தி முனகிக்கொண்டே சட்டையை லேசாகத் தூக்கினார். இடது விலாவில் மட்டும், பட்டையாக, நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள்.

"நாளைக்கு டாக்டரைப் பார்க்கலாம்டி. தைக்க வேண்டியது மலை மாதிரி கிடக்கு."

"நாளைக்குங்கிற கதையே வேண்டாம். செருப்பைப் போடுங்க!"

டாக்டரம்மா பார்த்ததுமே, "அக்கி" என்றார். "சின்ன வயசுல சின்னம்மை வந்திருக்கும். அந்தக் கிருமி உடம்புக்குள்ளேயே தூங்கிட்டு இருக்கும். முடக்குவாதம் இருக்கிறவங்களுக்கு அது முழிச்சுக்க வாய்ப்பு அதிகம். மூட்டுக்குச் சாப்பிடற சில மருந்தும் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும்."

"அப்ப மூட்டு மாத்திரையை நிறுத்திடவா?"

"நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. உங்க மூட்டு டாக்டர்கிட்ட நான் பேசறேன். நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க. அக்கிக்கு இன்னைக்கே மாத்திரை ஆரம்பிச்சிடலாம். தள்ளிப் போட்டிருந்தா வலி மாசக்கணக்கா இழுத்தடிச்சிருக்கலாம். யாரு கூட்டிட்டு வந்தது?"

"இந்த வாயாடிதான்," என்று பட்டாணியைக் கட்டிக்கொண்டார் சித்தி. கண் கலங்கியது, வாய் சிரித்தது.

வெளியே வந்ததும் துணிக்கடைக்காரருக்குப் போன் போட்டார். "மன்னிச்சுக்குங்கண்ணே. உங்க துணி தங்கம்!"

சில நாட்களில் கொப்புளங்கள் காயத் தொடங்கின. ஒரு காலை, வெயில் ஏறியும் சித்தி எழவில்லை. பட்டாணியே கடைக்கதவைத் திறந்தாள். பள்ளிச் சீருடை வாங்க ஒரு குடும்பமே திமுதிமுவென்று வந்து நின்றது.

"தையல்காரம்மா எங்கே?"

பட்டாணி உதட்டில் விரல் வைத்தாள். உள்ளேயிருந்து தடதடவென்று ஒரு குறட்டை வந்தது.

"மெதுவாப் பேசுங்க," என்றாள் முகமெல்லாம் சிரிப்பாக. "எங்க சித்தி தூங்கறாங்க!"