நாற்பத்தொரு இலைகள்

செப்டம்பர் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு, இரண்டாவது மாடி பால்கனியில் இருந்த ஐந்து ரோஜாத் தொட்டிகளில் நாற்பத்தொரு இலைகள் அரைவட்டமாக வெட்டப்பட்டிருந்தன.

எண்ணியவள் நீதிமன்றத் தட்டச்சர். ஒரு நாளைக்கு முப்பது பக்கம் சாட்சியம் அடிப்பவள். கோபம் வந்தால் அவளுக்கு மூக்கு நுனி முதலில் சிவக்கும். அன்று காதுவரை சிவந்திருந்தது.

பூச்சிகளை அவள் அறியாதவள் அல்ல. மொட்டில் அப்பிய அசுவினியைச் சோப்புத் தண்ணீரால் கழுவியிருக்கிறாள். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளித்திருக்கிறாள். கம்பளிப்பூச்சியைக் குச்சியால் எடுத்து எறிந்திருக்கிறாள். பூச்சி தின்றால் இலை கந்தலாகும். இது கந்தல் இல்லை... அளவெடுத்து வெட்டியது. ஓரம் அத்தனை சுத்தம்!

கத்திரி வேலை. கத்திரி யாரிடம் இருக்கிறது?

பக்கத்து பால்கனி ஒரு கை நீளத்தில் இருந்தது. அங்கே ஒரு தையல்காரன் குடிவந்து நான்கு மாதம். முகம் பார்த்ததில்லை. போன வாரம்தான் மெஷின் சத்தம் பொறுக்காமல் சுவரைப் படபடவென்று தட்டியிருந்தாள்.

ஓகோ... பழிவாங்கலா?

அலுவலகத்துக்குக் கிளம்பிய கோலத்தில், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஓர் இலையுமாகப் போய் நின்றாள். கதவு திறந்தே இருந்தது. மேசைமேல் குனிந்து ஒருவன் காலர் வெட்டிக்கொண்டிருந்தான்.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்க!"

அவன் நிமிர்ந்தான். கண்கள்... மழைக்கு முந்தைய நிமிடம்போல் அப்படியொரு அமைதி. சே! சண்டைக்கு வந்த இடத்தில் கண்ணையா பார்ப்பது?

"யாருங்க நீங்க?"

"பக்கத்து வீடு. சுவரைத் தட்டினவ."

"ஓ, நீங்கதானா... தாளம் நல்லாத்தான் இருந்துச்சு."

"சிரிக்காதீங்க! இது என்ன? இதே மாதிரி நாற்பத்தொரு இலை!"

இலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். டேப்பால் அளந்தான். "கை சுத்தம். வளைவுல ஒரு பிசிறு இல்ல. யாருங்க இந்த ஆளு? காலர் வெட்ட ஆள் தேடிட்டிருக்கேன்..."

"நடிக்காதீங்க. வெட்டினதே நீங்கதான்!"

"கோர்ட்டம்மா," அட்டையைப் படித்துவிட்டிருந்தான், "என் கத்திரி ஒன்பது இஞ்ச். இந்த வெட்டு சட்டைப் பொத்தான் அளவு. நாற்பது இலையையும் இப்படி வெட்ட நான் நகவெட்டியோட உங்க கம்பியில தொங்கணும்."

"நாற்பத்தொண்ணு!"

"சரி, ஒண்ணைச் சேர்த்துக்கோங்க." இப்போது அவன் சிரிக்கவில்லை. "கத்திரி வச்சிருக்கவனெல்லாம் திருடன்னா, தட்டச்சு தெரிஞ்சவங்க எல்லாரும் பொய்க்கேசு போடுறவங்களா?"

பொய்க்கேசாமே! மதிய இடைவேளையில், சாப்பிடாமல், ஒன்றரைப் பக்கம் அடித்தாள். 'மேற்படி நபர் தீய எண்ணத்துடன்...' மாலையில் அதைக் குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் கொடுத்தாள். செயலாளர் அவளுடைய அப்பா.

அப்பா இரண்டு தடவை படித்தார். முகம் மலர்ந்தது. "குடியிருக்கிற வீட்ல கடை நடத்துறான். காரணம் கிடைக்கலையேன்னு பார்த்துட்டிருந்தேன். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல காலி பண்ணச் சொல்லித் தீர்மானம் போட்டுடலாம்."

அவளுக்கு எங்கோ ஊசி குத்தியதுபோல் இருந்தது. அவள் கேட்டது ஓர் அதட்டல்... அவ்வளவுதானே?

சனிக்கிழமை காலை மழை பெய்து ஓய்ந்து வெயில் வந்தது. கம்பியில் நீர்த்துளிகள் வரிசையாகத் தொங்கின. மூன்று தடவை சுவர் தட்டப்பட்டது... இந்த முறை அந்தப் பக்கத்திலிருந்து.

"கோர்ட்டம்மா! சாட்சி வந்திருக்கு. பால்கனிக்கு வாங்க!"

தைத்த சட்டைகளைத் தொங்கவிட அவன் பால்கனியில் ஓர் இரும்புக் குழாய் கட்டியிருந்தான். அதன் திறந்த வாயைக் காட்டினான். தேனீ ஒன்று பறந்து வந்தது. வயிற்றுக்கடியில் பச்சையாய் ஒரு துண்டு. குழாய்க்குள் நுழைந்தது. வெறுங்கையோடு வெளியே வந்து நேரே அவளுடைய ரோஜாவில் உட்கார்ந்து, இலை ஓரத்தைக் கவ்வி, உடம்பைச் சுழற்றி... ஒரு வட்டம். சில நொடிகள்தான். துண்டு கழன்றது, தேனீ எழுந்தது.

இலைவெட்டித் தேனீ. கூட்டமாக வராது; தனியாகவே வேலை செய்யும். துண்டுகளைச் சுருட்டி அறை கட்டி, மகரந்தம் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு முட்டையிடும். இலையைத் தின்பதில்லை. செடிக்கும் பெரிய சேதமில்லை.

இரு பால்கனிகளிலிருந்தும் எட்டிப் பார்த்ததில் இருவர் தலைகளும் முட்டும் தூரத்தில் இருந்தன. அவள் இமையில் ஒரு மழைத்துளி. அவன் அதைப் பார்த்தான்... உடனே விலகி நின்றான்.

"நாளைக்கு என் மெஷினைத் தெருவில தூக்கி வைப்பாங்க. 'தீய எண்ணம்'னு எழுதியிருக்கீங்களாமே? எனக்கு இருந்த எண்ணமெல்லாம்..." நிறுத்திக்கொண்டான். "விடுங்க."

"என்ன எண்ணம்?"

"அதைச் சொல்ற நேரமா இது?"

கதவு சாத்தப்பட்டது. அவளுக்குக் கோபம் பொங்கியது. இந்த முறை யார்மேல் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"புகாரைத் திருப்பிக் கொடுங்கப்பா."

"சங்கத்துக்கு வந்த கடிதம் சங்கத்தோடது. என்னைப் பத்துப் பேர் முன்னாடி கோமாளி ஆக்காதே."

"அப்பா, பொத்தான் அளவு ஓட்டைக்கு ஒருத்தரோட பிழைப்பையே வெட்டுவீங்களா?"

"கையெழுத்து உன்னோடது," என்றார் அப்பா.

அதுதான் அவளை உறங்கவிடவில்லை.

ஞாயிறு பதினொரு மணிக் கூட்டத்தில் அப்பா கடிதத்தை உரக்க வாசித்தார். கடைசி நாற்காலியில் தையல்காரன் கைகட்டி உட்கார்ந்திருந்தான். வாசித்து முடிக்கும்முன் அவள் எழுந்தாள்.

"அதுல இருக்கிறது தப்பு. நான்தான் எழுதினேன், நானே சொல்றேன். இலையை வெட்டினது ஒரு தேனீ."

"தேனீக்கு ஏதும்மா கத்திரி?" என்றார் அப்பா. கூட்டம் சிரித்தது. அவள் மூக்கு சிவந்தது.

"சிரிக்கிறவங்க எல்லாரும் மாடிக்கு வாங்க! ஒருத்தரை வெளியே தள்ள நேரம் இருக்கு, ஒரு பூச்சியைப் பார்க்க நேரம் இல்லையா?"

பத்துப் பேர் ரோஜாத் தொட்டிகளைச் சுற்றி நின்றார்கள். வெயில் ஏறியிருந்தது. தேனீ வந்தது, பத்துப் பேரையும் சட்டை செய்யாமல் ஓர் இலையை வெட்டிக்கொண்டு குழாய்க்குள் போனது. யாரும் சிரிக்கவில்லை.

அப்பா தொண்டையைச் செருமினார். "சரி... அப்போ மருந்தடிச்சுக் குழாயை அடைச்சிடலாம்."

"வேண்டாம்!"

இரண்டு பால்கனிகளிலிருந்தும் ஒரே குரலாக வந்தது அது. அப்பா மகளைப் பார்த்தார். தன் வீட்டைத் திறந்துகொண்டு வந்து அடுத்த பால்கனியில் சாவியோடு நின்றவனைப் பார்த்தார். மறுபடி மகளைப் பார்த்தார். பிறகு கடிதத்தை நான்காக மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார்.

எல்லாரும் போனபின் அவன் கம்பியருகே வந்தான். "மன்னிப்புக் கடிதம் வேணும். தட்டச்சுல."

"திமிரு!" என்றாள்.

மறுநாள் மாலை கொண்டுவந்து கொடுத்தாள். அவன் நின்றபடியே வாசித்தான். 'மேற்படி தையல்காரர்மீது சுமத்திய குற்றம் தவறு. வருந்துகிறேன். வேறு புகார் இல்லை, ஒன்றைத் தவிர. மாலை ஆறு மணிக்கு மெஷின் சத்தம் நின்றதும் எனக்கு ஒரு வேலையும் ஓடுவதில்லை. நடவடிக்கை எடுக்கவும்.'

அவன் திரும்பவும் முதல் வரியிலிருந்து வாசித்தான். காது சிவந்தது... இந்த முறை அவனுக்கு.

"அன்னைக்குப் பாதியில நிறுத்தின எண்ணம்... என்ன அது?" என்று கேட்டாள்.

"சுவரைத் தட்டின ஆளை ஒரு தடவை நேர்ல பார்க்கணும்னு. பார்த்தப்புறம்... தினம் பார்க்கணும்னு."

"தீய எண்ணம்தான்," என்றாள், தரையைப் பார்த்து.

நவம்பர் முதல் வாரத்தில் குழாயிலிருந்து ஒன்பது தேனீக்கள் வெளியேறின. அதுவரை சட்டைகள் கதவில் தொங்கின. ஜனவரி பத்தொன்பதாம் தேதி இருவரும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்திட்டார்கள். முதல் சாட்சி, சங்கச் செயலாளர். அந்த வாரம் ரோஜாத் தொட்டிகளில் இருபத்தாறு இலைகள் அரைவட்டமாக வெட்டப்பட்டிருந்தன. புகார் எதுவும் வரவில்லை.