வேர்நுனியில் ஒரு பச்சை

எழுந்தான். பல் தேய்த்தான். கட்டிலில் ஒரு பக்கத்துப் போர்வையை மட்டும் மடித்தான். பாலைக் காய்ச்சி நின்றபடியே குடித்தான். வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, பல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்துக்கு நடந்தான். நுண்ணோக்கி அறைக்குள் போய், நுண்ணோக்கியின் நீல விளக்கை மட்டும் போட்டுக் குனிந்தான்.

தகட்டில் பச்சை தெரிந்தது. தெரியக் கூடாது.

சாயம் இரண்டு. உயிருள்ள கிருமி பச்சையாக ஒளிரும், செத்தது சிவப்பாக. கண்ணாடித் தகட்டில் இருந்தது அவன் மனைவியின் கடைவாய்ப்பல்லில் சீவிய துண்டு. அந்தப் பல்லின் வேரில் கட்டிய சீழ்தான் கழுத்துக்கு இறங்கி அவளைக் கொண்டுபோனது. பிடுங்கிய பல் மாதக்கணக்கில், கிருமியைக் கொல்லும் ஃபார்மலினில் ஊறிக் கிடந்தது. அதில் எதுவும் பிழைத்திருக்க வழியில்லை. அவளைத் தின்றது செத்துவிட்டது என்று ஒருமுறை தன் கண்ணால் பார்க்க வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

கதவு திறந்தது. பல்லைத் துண்டு போடும் வேலை செய்கிறவன். அதனால் பெயர் ரம்பம். பேச்சும் அப்படித்தான்.

“மாப்ள, பழைய சாம்பிள் எல்லாத்தையும் இன்னைக்கு எரிக்கணுமாம். லேப் மேடம் உன்னோடதையும் கேக்கறாங்க.”

“தர முடியாதுன்னு சொல்லு.”

“நான் போய்ச் சொன்னா என் பல்லக் கழட்டிடுவாங்க. ஏன்டா, பல்லு சாயமே இல்லாமலும் கொஞ்சம் பச்சையாத்தான் மின்னும். உனக்குத் தெரியாததா?”

“அது நகராது. இது நகருது.”

ரம்பம் சிரித்துக்கொண்டே குனிந்தான். சிரிப்பு நின்றது.

“நான் எதையும் பாக்கல,” என்றான். கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

சன்னல் இல்லாத அறை மறுபடி இருண்டது. விளக்கின் விசிறி ஒரே சுருதியில் இரைய, கிராம்பு எண்ணெயும் ஃபார்மலினும் கலந்த நெடி தொண்டையில் உட்கார, அவன் கண்ணை வைத்துப் பார்த்தபோது, வேர்க்குழாயின் சுவரிலுள்ள மயிரிழைத் துளைகளிலிருந்து பச்சைப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், வீட்டு ஆட்களைப் போல வெளியே வந்துகொண்டிருந்தன.

“வாங்க. பாத்துடலாம்.”

ப்ளீச் கரைசலை எடுத்து ஒரு சொட்டு விட்டான். இன்னொன்று. பச்சை மங்கிச் சிவந்தது. குழாய் சிவந்தது. சுவர் சிவந்தது. அவளைப் புதைத்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவனுக்கு முழு மூச்சு வந்தது.

வேர்நுனியில் ஒன்று மட்டும் பச்சையாகவே இருந்தது.

அது பல்லை விட்டு இறங்கியது. எதுவுமே இல்லாத வெறும் கண்ணாடியில். நேர்க்கோடாக. தகட்டை நகர்த்திப் பின்தொடர்ந்தான். கண்ணாடியின் ஓரம் வந்தது. அதற்கப்பால் இருட்டு.

எங்கே?

தகட்டைப் பிடித்திருந்த விரலைப் பார்த்தான். கையுறையின் நுனி கிழிந்திருந்தது. சாயம் ஒட்டியிருக்கும். உறையைக் கழற்றினான். விரலை ப்ளீச்சில் தோய்த்துத் தேய்த்தான். விளக்கின் நீல ஒளியில் காட்டினான்.

நகத்துக்கு அடியில் பச்சை. நகர்ந்தது. முதல் கணு. இரண்டாவது கணு. தோலுக்கு மேலே இல்லை.

ஓடவில்லை. மணிக்கட்டை மறுகையால் இறுக்கினான்.

“இங்கயே நில்லு. என்னைத் தாண்டி யார்கிட்டயும் போக விடமாட்டேன்.”

பிடிக்கு அடியில் நுழைந்து, பிடிக்கு மேலே வந்தது. நரம்பின் வழியே முழங்கை வரை ஒரு கோடு. அதன் பின்னால் இன்னும் பல.

வலிக்கவில்லை. அதுதான் மோசம். பல்வேரில் வலி நின்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை; நரம்பு செத்துவிட்டது, கிருமி எலும்புக்குள் போய்விட்டது என்று அர்த்தம். இந்தக் கட்டடத்தில் அது எல்லாருக்கும் தெரியும்.

பச்சை தோளைத் தொட்டது. அவன் விளக்கை அணைக்கவில்லை. கண்ணை எடுக்கவில்லை.

சாகும்போது அவள் கடைசியாக “அம்மா” என்று கூப்பிட்டாள் என்று மாமியார் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். அதற்குப் பிறகும், அன்றிரவு அவன் விளக்கை அணைக்கும் முன், அவள் ஒன்று சொன்னாள். கன்னத்தைக் கையில் தாங்கி, அவன் பக்கம் திரும்பி:

“இப்ப வலியே இல்ல. போதும், லைட்ட அணை.”