சூரைக் குழம்பில் பினாயில்

"செய்யாத தப்புக்கு எழுதிக் குடுக்க மாட்டேன் மேடம். வாப்பா துபாயில இருந்து போன் போட்டு எழுதிக் குடுத்துருன்னுதான் சொல்லுதாங்க. நான் மாட்டேன்."

உதவி கேட்டு வந்த காயல்பட்டினத்து ஆமிரா அழவில்லை, முறைத்துக்கொண்டு நின்றாள். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் சந்தனச்செல்விக்கு அந்த முறைப்பு பிடித்துவிட்டது.

விஷயம் இதுதான். சாயர்புரம் பக்கத்துச் சிறிய கல்லூரி விடுதியில் ஞாயிறு மதியம் சூரை மீன் குழம்பு. சாப்பிட்ட பெண்கள் சாயங்காலத்துக்குள் வாந்தியெடுத்துப் படுத்துவிட்டார்கள். ஆமிரா குழம்பில் பினாயில் ஊற்றிவிட்டாள் என்றார் சமையல் காண்டிராக்டர் சிவபாலன். சாப்பாடு சரியில்லை என்று போன வாரம் தட்டைக் கவிழ்த்துவைத்துப் போராடியவள் அவள். ஞாயிறு காலையில் வெந்நீர் எடுக்கச் சமையலறைக்கும் போயிருந்தாள். போதாதா? மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் முதல்வர் வீரபாகு அவள் பெயரை மைக்கில் சொல்லிவிட்டார். மன்னிப்புக் கடிதம் தராவிட்டால் டி.சி.தான்.

சந்தனச்செல்வி அன்றே கல்லூரிக்குப் போனார். அவரிடம் வேலை பார்த்த பழைய ஏட்டு தேவபிரசாதமும் தொற்றிக்கொண்டார். சமையலறையில் ஏட்டு ஒவ்வொரு பாட்டிலாக மோந்து பார்த்துக்கொண்டிருக்க, இவர் சிவபாலனிடம் பேச்சுக் கொடுத்தார்.

"மீன் எப்படி இருந்துச்சு?"

"துள்ளத் துடிக்க இருந்துச்சு மேடம்! ஞாயித்துக்கிழமை விடியக்காலையில தூத்துக்குடியில படகு கரைக்கு வந்ததும் நானே ஏலத்துல எடுத்தேன். எங்க திண்டுக்கல்லுல இப்படிக் கிடைக்குமா?"

அவர் இந்த ஊருக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

சற்று நேரத்தில் ஆமிரா உள்பட எல்லோரும் முதல்வர் அறையில் இருந்தார்கள்.

"பினாயில் பாட்டில் அங்கனதான் இருந்துச்சும்மா!" என்றார் ஏட்டு ஆவலாக.

"இருக்கட்டும். பினாயில் நாத்தம் அடிக்கிற குழம்பை ஒரு வாய்க்கு மேல எந்தப் புள்ள திங்கும்? புள்ளைங்ககிட்ட விசாரிச்சுட்டேன், எல்லாரும் ரெண்டாந்தடவை வாங்கித் தின்னுருக்காவ" என்றார் சந்தனச்செல்வி.

"அப்ப எதுல கோளாறு?" என்றார் முதல்வர். அவர் சுத்த சைவம்.

"மீனுல. சூரை கெட்டாலும் புளியிலயும் மசாலாவுலயும் நாத்தம் தெரியாது. இந்தக் கரையில ஞாயித்துக்கிழமை மாதா கோயில் பூசை நாள் சார். யாரும் கடலுக்குப் போக மாட்டாங்க. சனிக்கிழமை ராத்திரியே எல்லாப் படகும் வந்துரும். ஞாயித்துக்கிழமை விடியக்காலையில இவரு எந்தப் படகுல மீன் எடுத்தாரு?"

தேவபிரசாதம் தலையில் அடித்துக்கொண்டார்.

"முந்தின நாள் மீனுன்னு சொல்லியிருந்தா நானும் நம்பியிருப்பேன். கெட்டுப்போனதுன்னு தெரிஞ்சதாலதான் புதுசுன்னு சாதிச்சாரு. பழியைப் போட ஒரு வாயாடிப் புள்ளையும் கிடைச்சுட்டா."

சிவபாலன் கையெடுத்துக் கும்பிட்டார். "வியாழக்கிழமை வாங்கினது... ஃப்ரீசர் ரிப்பேர் ஆகிப்போச்சு... கொட்ட மனசு வரல சார்."

முதல்வர் தொண்டையைச் செருமினார். "இவரை இன்னைக்கே அனுப்பிருதேன். விஷயம் வெளிய போக வேண்டாம், காலேஜ் பேரு கெட்டுரும். ஆமிரா, நீ கிளாஸுக்குப் போம்மா."

ஆமிரா அசையவில்லை.

"என் பேரைக் கெடுக்கும்போது மைக்ல சொன்னீங்கள்லா சார்? இப்பவும் மைக்லயே சொல்லுங்க. அதுவரைக்கும் நான் இங்கனதான் நிப்பேன்."

வீரபாகு சந்தனச்செல்வியைப் பார்த்தார். சந்தனச்செல்வி தன் நாற்காலியை நகர்த்தி, அவர் போக வழி விட்டார்.