ஆறேகால் நிமிடம்

காலை ஏழு மணிக்குச் செசிலி குளிரங்கியை மாட்டி, அதன் முதுகுப் பையில் குளிர்திரவத்தை நிரப்பினாள். தூத்துக்குடியில் வெளியே இறங்கும் எல்லோரும் செய்வதுதான். அங்கியில்லாமல் வெயிலில் கால் மணி நேரம் நின்றவர்கள் பிழைப்பது அபூர்வம். மணிக்கட்டிலிருந்த வேகக்கணிப்பான், அன்றைய வெயிலுக்குக் கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் நாற்பது நொடியில் ஓடலாம் என்றது. அவள் அதை ஆறு நிமிடமாக மாற்றினாள்.

அன்று பத்து கிலோமீட்டர் போட்டி. வேகமாக ஓடினால் உடல் சூடேறித் திரவம் தீரும். மெதுவாக ஓடினால் வெயிலில் இருக்கும் நேரம் கூடும். இடையில் ஆளுக்கொரு வேகம் உண்டு. மூன்று வருடமாகச் செசிலி இரண்டாவதாகவே வந்துகொண்டிருந்தாள்.

நான்காவது கிலோமீட்டரில் சூரியத்தகட்டுப் பந்தல் முடிந்து உப்பளம் தொடங்கியது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் இசக்கிராஜ் இரண்டு நிமிடம் முன்னால் போய்க்கொண்டிருந்தான். அதே வேகத்தில் போனால் திரவம் தீர்ந்து அவன் எட்டாவது கிலோமீட்டரைத் தாண்டமாட்டான் என்பது, உப்பள மேற்பார்வையாளரான அவளுக்குத் தெரியும். பேசாமலிருந்தால் வெற்றி அவளுடையது. அவள் ஹெல்மெட் ரேடியோவை அழுத்தினாள்.

"அண்ணாச்சி, வேகத்தக் குறைங்க. ஆறேகால் நிமிசத்துல போங்க."

"என்ன தங்கச்சி, பின்னால இருந்துக்கிட்டு என்னையப் புடிச்சு இழுக்கியா? மிசினு அஞ்சரைங்குது. திரவம் அறுவது சதம் இருக்கு."

"மிசினு மேல இருந்து வார வெயில மட்டுந்தான் அளக்கும். இங்க உப்பு கீழ இருந்தும் அடிக்கும். ஒரு நிமிசத்துல எவ்வளவு குறையுதுன்னு பாருங்க."

ஒரு நிமிடம் அவன் மூச்சு மட்டும் கேட்டது.

"மூணு சதம் போயிட்டு" என்றான், குரல் இறங்கி. "சரி, குறைக்கேன்."

அவள் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் பதினைந்து நொடி நெருங்கினாள். கடைசிக் கிலோமீட்டரில் மிச்சமிருந்த திரவத்தை நம்பி ஐந்து நாற்பதுக்கு ஏறினாள். அவன் முதுகு முப்பதடி, நாற்பதடி என்று நெருங்காமல், இன்னும் சற்றுத் தள்ளியே தெரிந்தது. பத்து நொடியில் தோற்றாள்.

முடிவுக்கோட்டை ஒட்டிய குளிர்கூடத்தில் இசக்கிராஜ் தரையில் உட்கார்ந்து தன் அங்கியின் அளவியைக் காட்டினான். ஒரு சதவீதம்தான் மிச்சம்.

"நீ சும்மா இருந்திருந்தா ஜெயிச்சிருப்பல்லா?"

"தெரியும் அண்ணாச்சி. அடுத்த வருசம் சரியான வேகத்துல ஓடுங்க. அப்பயும் ஒங்கள முந்துவேன்."

இன்னும் மூச்சு அடங்காமலே அவள் அமைப்பாளர்களின் மேசைக்கு நடந்தாள். அரை மணியில் அடுத்த அணி கிளம்பவிருந்தது. அறுபது பேர், உப்பின் வெயிலை அளக்காத அறுபது கணிப்பான்கள்.