தொட்டியில் இருந்த ராக்கெட் எங்கே?

"ஐயய்யோ...! போச்சு... எல்லாம் போச்சு!"

தீயணைப்பு நிலையத்தின் பின்பக்கத்திலிருந்து அலறல்!

நிலைய அதிகாரி காபியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டு ஓடினார்.

தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி நின்றிருந்தாள் ஸ்டோர் கீப்பர்.

"சார்... நேத்து பறிமுதல் பண்ணி ஊறப் போட்ட வெடி, ராக்கெட்... ஒண்ணுகூட இல்ல சார்!"

அதிகாரி தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார்.

துழாவ மாட்டாரா பின்னே? ஊரே காய்ந்து கிடக்கிறது. பேய்க்காற்று வேறு. காற்று ஓயும்வரை வெடியோ, திறந்த வெளியில் நெருப்போ கூடாது என்று கண்டிப்பான தடை; மீறினால் அபராதம். பிடிபட்ட வெடியெல்லாம் தண்ணீரில் ஊறிச் செத்த பிறகுதான் தொட்டியை விட்டு வெளியே வர வேண்டும்.

பக்கத்துக் கட்டடமோ மரக்கடை!

"இன்னிக்குன்னு பார்த்தா? தலைமை அதிகாரி இப்ப வந்துருவாரேம்மா! போன தடவையே 'இன்னொரு தப்பு நடந்தா உன் நாற்காலி போயிடும்'னு சொல்லிட்டுப் போனார்!"

"அழாதீங்க சார்."

"நான் எங்க அழறேன்? காபி கண்ணுல தெறிச்சிருச்சு!"

அழுதுகொண்டுதான் இருந்தார்.

தீயணைப்பு வண்டிக்கு அடியிலிருந்து ஒரு தலை நீண்டது. டிரைவர். அதிகாரியின் மனைவிக்குத் தம்பி. அந்த முழியே சரியில்லை!

"டேய் மாப்ள... வெளிய வா. எங்கடா வெடி?"

"எ... எந்த வெடி மாமா?"

"உன் காலைப் பாரு! முட்டி வரைக்கும் நனைஞ்சிருக்கு!"

"வேர்வை மாமா."

"முட்டி வரைக்கும் மட்டுமா வேர்க்கும்?"

"என்னை ஒண்ணும் கேக்காதீங்க மாமா... சத்தியம் பண்ணிக் கொடுத்துட்டேன். நான் தூக்கிட்டு மட்டும்தான் போனேன்..."

"எங்க?"

டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டான். ஆனால் கண் மேலே போனது.

தொட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாய் ஈரம்... வாசலைத் தாண்டி... நிலையத்தின் மாடிப்படி ஏறி... ஒரு கதவின் முன்னால் முடிந்தது.

அதிகாரியின் சொந்த வீட்டுக் கதவு!

ஒரே உதை. கதவு திறந்தே இருந்ததால் சமையலறை வரை உருண்டு போனார்.

அங்கே அவருடைய தர்மபத்தினி. கையில் துணி. அடுப்பின் மேல் பெரிய தட்டு. தட்டில் வரிசை வரிசையாக... ராக்கெட்டுகள்! அடியில் நீலமாய் எரிகிறது கேஸ்!

"அடிப்பாவி! என்னடி பண்றே?"

"கத்தாதீங்க. சிம்லதான் வெச்சிருக்கேன்."

"சிம்லயா...!"

"பெரிய ஆபீசர் வர்றார். தொட்டியில சொதசொதன்னு ஊறிக் கிடந்தா உங்களைப் பத்தி என்ன நினைப்பார்? காயவெச்சு, துடைச்சு, அழகா அடுக்கி வெச்சா பாராட்டுவாரேன்னு..."

அதிகாரி பாய்ந்தார். அடுப்பை அணைத்தார். தட்டோடு தூக்கி வாளித் தண்ணீரில் அமுக்கினார்.

புஸ்ஸ்... அப்பாடா!

"எல்லாம் போட்டாச்சா?"

"ஒண்ணு மட்டும் முன்னாடியே நல்லா காஞ்சிருச்சு. அடுப்புக்குப் பக்கத்துல ஜன்னல்ல சாச்சு..."

சொய்ய்ய்ய்ங்...!

ஏற்கெனவே திரியில் அடுப்புத் தீ பற்றியிருந்த அந்த ராக்கெட் ஜன்னல் வழியே பறந்தது. நேரே மரக்கடையைப் பார்த்து!

நல்லவேளை, குறுக்கே ஒரு தொப்பி வந்தது.

தொப்பிக்குக் கீழே தலைமை அதிகாரி இருந்தார்.

"தொப்பி எரியுது!" என்று அலறிய டிரைவர் தீயணைப்பு வண்டியின் குழாயைத் திறந்துவிட்டான். தீ அணைந்தது. தலைமை அதிகாரி குப்புற விழுந்து, சறுக்கிக்கொண்டே தொட்டிக்குள் போய் உட்கார்ந்தார்.

அதிகாரி மூச்சிரைக்க இறங்கி வந்தார். பின்னாலேயே மனைவி.

தொட்டிக்குள்ளிருந்து உறுமல் எழுந்தது.

"யார் வேலை இது? உண்மையைச் சொல்லு. மழுப்பினா, இப்பவே நாற்காலியக் காலி பண்ணு!"

"நான்தான் சார்," என்று டிரைவர் கை தூக்கினான். அக்காவுக்காக உயிரையே கொடுப்பான், பாவம்.

மனைவி கணவனைப் பார்த்தாள். பார்வையா அது!

அதிகாரி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"இல்ல சார். அவன் தூக்கிட்டுப் போனதோட சரி. அடுப்புல காயவெச்சது... என் பொண்டாட்டி. அபராதம் போட்டுடறேன் சார். முழுசா!"

தலைமை அதிகாரி எழுந்தார். காதில் வழிந்த தண்ணீரைத் தட்டிவிட்டார்.

"சபாஷ்யா! கட்டின பெண்டாட்டின்னுகூடப் பார்க்காம சட்டத்தைக் காப்பாத்தினியே! உன் நாற்காலியை இனி ஒருத்தன் அசைக்க முடியாது. வேற என்ன வேணும், கேளு!"

அதிகாரி மெல்ல ஒரு கண்ணை மட்டும் திறந்து மனைவியைப் பார்த்தார். உடனே மூடிக்கொண்டார்.

"அந்த நாற்காலியோட ஒரு கட்டிலும் போட்டுக் குடுங்க சார்... இனிமே ராத்திரியும் நான் இங்கயேதான்!"