பள்ளிக்கூட வயசு

வெள்ளாட்டுக் கடா சாராயம் குடித்தது பாப்பாயியின் தப்புதான். காலையில் குதிருக்குப் பின்னால் பெருக்கப் போனவளுக்கு ஒரு பாட்டில் கிடைத்தது. மூடியைத் திறந்து மோந்தாள், சாராயம். சாக்கடையில் ஊற்றியிருக்கலாம். ஆத்திரத்தில் கழுநீர்ச் சட்டியில் கவிழ்த்துவிட்டாள். நாத்தனார் பொன்னாயியின் கடா அதைச் சொட்டு மிச்சமில்லாமல் உறிஞ்சிவிட்டு, தள்ளாடித் தெருவுக்குப் போய், அரியலூர் பஸ்ஸுக்கு முன்னால் காலைப் பரப்பிப் படுத்துக்கொண்டது.

கண்டக்டர் இறங்கி மோந்து பார்த்தார். "யாரு வூட்டுக் கடாங்க? நம்ம ஆளுங்களையே தோக்கடிச்சிரும் போலருக்கே!"

தெருவே சிரித்தது. வீட்டு ரகசியத்தை ஆட்டிடம் சொல்லியனுப்பிய ஒரே புத்திசாலி தான்தான் என்று பாப்பாயிக்கே தோன்றியது. ஆனால் சிரிப்பு வரவில்லை.

அவள் புருஷன் ராசாங்கம், கடையே இல்லாத காலத்தில் கரும்புக்காட்டில் காய்ச்சியதைத் தேடிப்போய்க் குடித்தவர். நாலு வருஷத்துக்கு முன்னால் திருமழபாடிக் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். "இன்னொரு தடவ தொட்டீங்க, எங்கண்ணன் வூட்டுக்குப் போயிருவேன்" என்று அன்றைக்கே சொல்லி வைத்திருந்தாள். அடுத்த மாதமே ஊருக்குள் சாராயக்கடை திறந்தார்கள்! அன்றிலிருந்து அவர் கடைப்பக்கம் போகாமல் வாய்க்காலைச் சுற்றித்தான் வயலுக்குப் போவார். "ஆசை வரலையா?" என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். பதில் எப்போதும் ஒன்றுதான்: "பாப்பம்."

"இது யாருதுங்க?" வாசலில் நின்றவரிடம் காலிப் பாட்டிலை நீட்டினாள்.

ராசாங்கம் பாட்டிலைப் பார்த்தார். எறையூர் மில்லுக்குக் கிளம்பிச் சைக்கிளோடு நின்ற மகன் முருகையனைப் பார்த்தார்.

"என்னுதுதான்."

"நாலு வருசம்... ஊரு பூரா ஒங்களப் பத்திப் பெருமை பேசுனேனே! என் வாயில மண்ணப் போட்டீங்களே!"

இரண்டு சேலையைப் பையில் திணித்துக்கொண்டு புறப்பட்டாள். "அண்ணி, என் கடாவுக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போங்க!" என்று பொன்னாயி பின்னாலேயே வந்தாள். ஏறவேண்டிய பஸ்ஸோ இன்னும் கடாவுக்குப் பின்னால்தான் நின்றது. பாப்பாயி படியில் கால் வைத்தாள்.

"அம்மா! எறங்கும்மா... அது என்னோடது. ஒரு மொடக்குதான் குடிச்சேன்..." முருகையன் பையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒனக்கு என்னாடா வயசு?"

"இருபத்தொன்னு! கடையில கேட்டாங்க, மில்லு அட்டையக் காட்டுனேன். போன எலக்சன்ல ஓட்டுப் போட்டேன். எனக்குப் பொண்ணும் பாக்குறீங்க. அதுக்கெல்லாம் பத்துன வயசு இதுக்கு மட்டும் பத்தாதா?"

"நியாயந்தானே" என்றது பஸ்ஸின் ஒரு ஜன்னல். "இருபத்தஞ்சாவது ஆவணும் சார்" என்றது இன்னொன்று. "எங்கூட்டுல நாப்பத்திரண்டுக்கே உத்தரவு கெடைக்கல" என்றார் கண்டக்டர்.

"பெத்தவ சொல்றேன்டா! ஒனக்குப் பத்தொம்பது!"

"அப்ப பள்ளிக்கூடத்துல ரெண்டு வயசு கூட்டிச் சொன்னது யாரும்மா?"

பாப்பாயிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. களையெடுக்கப் போகவேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. தலைக்கு மேல் கையை வளைத்துக் காதைத் தொட்டால் அஞ்சு வயசு என்று எழுதிச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார் வாத்தியார். கை எட்டவில்லை. அவர் பேனாவுக்கு மை போடக் குனிந்த நேரம் பார்த்து, பிள்ளையின் தலையைச் சாய்த்துவிட்டது இவள்தான். பதினாறு வருஷம் முன்கூட்டியே சாராயக்கடைக்குச் சிபாரிசு எழுதிக் கொடுத்த மகராசி!

"ஆமா... நான்தான்" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "கவர்மெண்டு வயசு எதுவா வேணும்னாலும் இருக்கட்டும்டா. அந்த ரெண்டு வருசம் என்னுது. பொய் சொல்லி வாங்கிக் குடுத்தேன். அத எனக்குத் திருப்பிக் குடுத்துருடா!"

"குடுத்துட்டேம்மா... குடுத்துட்டேன்..." படியிலேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதான்.

கடா எழுந்து வழிவிட்டது. பஸ் பாப்பாயி இல்லாமல் போனது.

ராசாங்கம் வாசலில் அதே இடத்தில் நின்றிருந்தார். "ஏங்க ஒங்க மேல போட்டுக்கிட்டீங்க?" என்றாள்.

"எம் பேரு பழசு, இன்னொரு கறை தாங்கும்" என்று சிரிக்கப் பார்த்தார்.

"ஒன்னே ஒன்னு கேக்குறேன். பாப்பம்னு சொல்லாதீங்க. இந்த நாலு வருசத்துல ஒங்களுக்கு ஆசை வரவே இல்லையா?"

அவர் சிரிப்பு நின்றது.

"தெனம் வருது, பாப்பாயி. அந்தக் காலிப் பாட்டில் வாடைக்கே வருது. அத எடுத்துத் தூரப் போட்டுரு."